தென்னாப்பிரிக்காவில் பத்து நாள் மௌனம்: விடுப்புக் கடிதம் முதல் வீடு திரும்புவது வரை

ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு நாள் இரண்டு பக்கமும் நீளும். இங்கே காலை 6 மணி என்றால் இந்தியாவில் 9.30. சென்னை டீம் அழைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் இங்குள்ள அலுவலகம், என்1 நெடுஞ்சாலை நெரிசல், பிள்ளைகளின் பள்ளி, இரவு அம்மாவோடு வாட்ஸ்அப். "கொஞ்சம் நிதானமாகு" என்று யார் சொன்னாலும் எரிச்சல்தான் வரும். எப்போது, எந்த விடுப்பில், யார் பிள்ளையைக் கூட்டி வருவது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

அந்தப் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேப் டவுனுக்கு அப்பால் வூஸ்டர் ஊருக்கு அருகே இருக்கும் தம்ம பதாகா மையத்தில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போவது எப்படி என்பது பற்றியது. தியானம் செய்வது எப்படி என்பதை அங்கே சொல்லித் தருவார்கள். அங்கே போய்ச் சேருவதற்கான காகித வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை.

1. முதலில் பத்து நாள் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

வார இறுதி போதும் என்றால் குவாசுலு-நட்டாலில் இக்ஸோபோவுக்கு அருகே புத்திஸ்ட் ரிட்ரீட் சென்டர் இருக்கிறது. டர்பனிலிருந்து காரில் சுமார் 2 மணி நேரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை என்3, அங்கிருந்து ரிச்மண்ட் வழியாக ஆர்56. சைவச் சாப்பாடு, மலைச்சரிவு, நடக்க இடம். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவருக்கு, குறிப்பாகத் தனியாக இருந்து பழக்கமில்லாதவருக்கு, இதுவே நல்ல தொடக்கம்.

வூஸ்டர் வேறு மாதிரி. பத்து நாளும் பேச்சு இல்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை, எழுதக்கூட முடியாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். கட்டணம் கிடையாது. நடுவில் கிளம்பமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறீர்கள். "ஓய்வெடுக்கப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். ரிசார்ட்டில் கிடைப்பது போன்ற ஓய்வு அங்கே கிடைக்காது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருக்கும்.

விடுப்பே கிடைக்காது என்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை 8 மணிக்கு நடக்கும் பார்க்ரன். 5 கிலோமீட்டர், இலவசம், ஒருமுறை பதிவு செய்து பார்கோடு எடுத்துக்கொண்டால் போதும். ஓட வேண்டியதில்லை, நடக்கலாம். போனை காரிலேயே வைத்துவிட்டு நடந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

2. விடுப்பு: நாட்களைச் சரியாக எண்ணுங்கள்

பத்து நாள் முகாம் என்று பெயர் இருந்தாலும் காலண்டரில் அது 12 நாள். வந்து சேரும் நாள் கணக்கில் பூஜ்யம். அதன் பிறகு பத்து முழு நாட்கள். பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள். புதன்கிழமை தொடங்கிப் பன்னிரண்டாவது நாளான ஞாயிற்றுக்கிழமை முடியும் முகாமுக்கு 8 வேலை நாள் விடுப்பு வேண்டும். திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்தால் 9. அந்த ஒன்பதாவது நாள் ஏன் வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொது விடுமுறைகளைப் பிடித்துக்கொண்டால் கணக்கு குறையும். ஏப்ரல் 27 சுதந்திர நாள், மே 1 தொழிலாளர் நாள். இரண்டும் ஒரே முகாமுக்குள் வார நாட்களில் விழுந்தால் 6 நாள் விடுப்பே போதும். புனித வெள்ளியும் அதையடுத்த திங்கட்கிழமையும் அப்படித்தான். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை விடுமுறை. இதே யோசனை எல்லோருக்கும் வரும் என்பதால் இந்த நாட்களில் இடம் சீக்கிரம் தீரும் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி ஆண்டுக்கு 21 தொடர் நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு. சனி ஞாயிறு அதற்குள்ளேயே வருவதால், வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு அது 15 வேலை நாள். பல அலுவலகங்களில் மாதம் ஒன்றேகால் நாள் என்று சேரும். ஆகவே புதிதாக வந்தவருக்கு 8 நாள் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். விடுப்பு நாளில் பொது விடுமுறை விழுந்தால் அந்த நாள் உங்கள் கணக்கில் கழியாது. அதிகச் சம்பளம் வாங்குபவர்களுக்கும் மேல்நிலை மேலாளர்களுக்கும் வாரம் 45 மணி நேர வரம்பு பொருந்தாது, ஆனால் வருடாந்திர விடுப்பு பொருந்தும். "நீங்கள் சீனியர், உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி.

இங்கே மூன்று பொறிகள்.

முதலாவது டிசம்பர். டிசம்பர் 16-ஐ ஒட்டி மூடும் பல நிறுவனங்கள் ஜனவரி முதல் வாரத்தில்தான் திறக்கும். அந்த நாட்களை உங்கள் வருடாந்திர விடுப்பிலிருந்தே கழிப்பார்கள். 15 நாளில் எட்டோ பத்தோ அங்கேயே போய்விடும். ஜூன் மாத முகாமுக்குக் கேட்கும் முன், டிசம்பருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். என் விடுப்பு முதல் முறை திரும்பி வந்தது இந்தக் கணக்கால்தான். அப்படி ஒரு விதி இருப்பதையே அதுவரை அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, விடுப்பின் வகை. உடம்பு சரியில்லை என்று போகாதீர்கள். தொடர்ந்து 2 நாளுக்கு மேல் போனால் மருத்துவர் சான்றிதழ் கேட்கலாம், பொய்ச் சான்றிதழ் வேலைக்கே உலை வைக்கும். குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று ஆண்டுக்கு 3 நாள் இருக்கிறது. அது பிள்ளையின் நோய், நெருங்கிய உறவினர் மரணம் போன்றவற்றுக்கு. முகாமுக்காக அதைத் தொடக்கூடாது. படிவத்தில் வருடாந்திர விடுப்பு என்று மட்டும் குறியுங்கள்.

மூன்றாவது, இந்திய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவர்கள். உங்கள் விடுப்பு இருப்பு இந்தியக் கணக்கில் ஓடுகிறதா, இங்குள்ள கணக்கிலா? இந்திய விடுமுறைப் பட்டியலா, இங்குள்ளதா? இரண்டு மேலாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டுமா? இதைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

காரணம் கேட்டால் என்ன சொல்வது? சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் "12 நாள் போன் எடுக்கமாட்டேன்" என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், மின்னஞ்சலில். விடுப்பில் இருந்தாலும் அவசரம் என்றால் கூப்பிடலாம் என்பது இங்கே எழுதாத பழக்கமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்க மேலாளர்களுக்கு இது புரியாதோ என்று தயங்க வேண்டாம். டர்பன் தமிழர்கள் புரட்டாசி முழுவதும் சைவமாக இருப்பதையும் காவடிக்கு விரதம் இருப்பதையும் பார்த்துப் பழகிய ஊர் இது. "ஒரு விரதம் மாதிரி" என்று நான் சொன்னதும், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்த என் மேலாளர் அடுத்த கேள்வியே கேட்கவில்லை.

3. விண்ணப்பம்

தம்ம அமைப்பின் இணையதளத்தில் முகாம் தேதிகள் இருக்கும். பதிவு திறந்த உடனே போடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடங்கள் தனித்தனி. ஒரு பக்கம் நிரம்பிக் காத்திருப்புப் பட்டியல் ஓடும்போது மறுபக்கம் இடம் இருக்கக்கூடும். கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் உள்ளே பேசவோ பார்த்துச் சிரிக்கவோ முடியாது. பிள்ளைகள் இருந்தால் ஒருவர் ஒரு முகாம், மற்றவர் இன்னொன்று என்று வைத்துக்கொள்வதே நடக்கிற காரியம்.

படிவத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். எதையும் மறைக்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம், மனநோய் வரலாறு, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். சிலருக்கு "இப்போது வேண்டாம்" என்று பதில் வரும். அது அவமானம் இல்லை. பத்து நாள் தனிமையும் மௌனமும் சில நோய்களைக் கிளறிவிடும். தியானத்துக்காக மருந்தை நிறுத்துவது மிக ஆபத்து. வேலை அழுத்தத்தால் உடைந்துபோன நிலையில் இருப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களில் ஊழியர்களுக்கு இலவச ஆலோசனை வசதி உண்டு, எச்ஆரிடம் கேட்டால் எண் தருவார்கள். தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் இலவச எண் 0800 567 567.

மொழிக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சி, இந்த முறையைக் கற்பித்த ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் ஒலிப்பதிவுகள் மூலம் நடக்கிறது. மாலை உரைகள் தமிழிலும் பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறும் அம்மாவையோ மாமியாரையோ அனுப்புவதாக இருந்தால் படிவத்திலேயே தமிழ் என்று எழுதி, மையத்துக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தால் வேலை முடியவில்லை. வருவதை உறுதிசெய்யச் சொல்லி மீண்டும் கேட்பார்கள். பதில் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். ஸ்பாம் பெட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். உறுதியான மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகே விமான டிக்கெட்.

4. பயணமும் செலவும்

முகாமுக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கேட்கமாட்டார்கள். முகாமை முழுதாக முடித்த பிறகு, விரும்பினால், நன்கொடை தரலாம். முடிக்காதவரிடம் வாங்குவதே இல்லை. ஆக உங்கள் செலவு முழுக்க வழிச்செலவுதான்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்கு விமானத்தில் சுமார் 2 மணி நேரம். ஓஆர் டாம்போ, லான்சீரியா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் விமானங்கள் உண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான், 7 கிலோ. குளிர்காலத் துணிகளோடு அது போதாது. பெட்டிக்கான காசையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். உள்நாட்டு விமானத்துக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு பாஸ்போர்ட்தான் அடையாளம். அதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் வேறு என்ன அடையாளத்தை ஏற்பார்கள் என்று விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேப் டவுனிலிருந்து வூஸ்டர் சுமார் 110 கிலோமீட்டர். என்1-இல் போய், சுங்கக் கட்டணம் கட்டி, ஹியூகெனாட் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வாடகை கார் எடுத்து 11 நாள் சும்மா நிறுத்தி வைப்பது பண விரயம். விமான நிலையத்திலிருந்து நேரே டாக்சி என்றால் விமானக் கட்டணத்தை நெருங்கிவிடும். மலிவானது, கேப் டவுனிலிருந்து வரும் இன்னொருவரோடு பெட்ரோல் காசைப் பகிர்வது. யாராவது அந்த வழியாக வருகிறார்களா என்று மையத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். என்1-இல் ஓடும் நீண்டதூரப் பேருந்துகளும் வூஸ்டரில் நிற்கும், ஆனால் நள்ளிரவில் இறக்கிவிடும் நேரமா என்று பார்த்து எடுங்கள்.

வரும் நாள்: பிற்பகலில் அங்கே இருப்பது மாதிரி. மாலையில் பதிவு, லேசான சாப்பாடு, விளக்கம், அதன் பிறகு மௌனம் தொடங்கிவிடும். காலை விமானமே எடுங்கள்.

திரும்பும் நாள்: பதினோராம் நாள் பிற்பகல் விமானம். பத்தாம் நாள் இரவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு "கொஞ்சம் முன்னால் விடுங்கள்" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. விடமாட்டார்கள்.

5. வீட்டில் முடிக்க வேண்டியவை

என் கணிப்பில் முகாமின் பாதி வெற்றி இங்கேதான். இதைச் சரியாகச் செய்யாதவர்கள் மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு நிறுவனம்: வீட்டு அலாரம் அடித்தால் அவர்கள் முதலில் கூப்பிடுவது உங்கள் எண்ணைத்தான். அது அணைந்திருக்கும். அழைப்புப் பட்டியலில் மனைவியின் அல்லது கணவரின் எண்ணை முதலிலும் நம்பகமான அயலவர் எண்ணை இரண்டாவதாகவும் மாற்றச் சொல்லுங்கள். ரகசியச் சொல் அவர்களுக்கும் தெரிய வேண்டும். காரில் டிராக்கர் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் இதே வேலை.

வங்கி: இணையத்தில் எதை வாங்கினாலும் ஒப்புதல் கேட்டு உங்கள் போன் செயலிக்குத்தான் செய்தி வரும். உங்கள் கார்டை நம்பி வீடு நடந்தால், நீங்கள் இல்லாத நாட்களில் மளிகை ஆர்டர்கூடப் போகாது. வீட்டில் இருப்பவர் பெயரில் கார்டும் அதில் பணமும் இருக்கட்டும். முகாம் மாதக் கடைசியைத் தாண்டினால் வாடகை, மருத்துவக் காப்பீடு, கார் தவணை எல்லாம் அந்த நாட்களில்தான் கழியும். கணக்கில் பணம் இல்லாமல் அவை திரும்பிப்போனால் அதற்கும் கட்டணம் போடுவார்கள். தேதி குறித்து முன்கூட்டியே கட்டணங்களை அமைத்துவிடுங்கள்.

மின்சாரம்: ப்ரீபெய்ட் மீட்டர் வீடு என்றால் 20 இலக்க டோக்கனை முன்கூட்டி வாங்கி மீட்டரில் போட்டுவிட்டுப் போங்கள். வாங்கும் செயலி உங்கள் போனில் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய.

விசா: காலாவதி தேதிக்கு 60 நாளுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு முகாம் நாட்களில் விழுகிறதா என்று பாருங்கள். விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரம் குறித்திருந்தால் முகாமுக்கு முன்போ பின்போ மாற்றுங்கள்.

பிள்ளைகள்: பள்ளிக்கு யார் கூட்டிப்போவது, யார் அழைத்து வருவது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுத்து எழுதி வையுங்கள். பட்டியலில் இல்லாதவரோடு அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

ஊரில் இருக்கும் அம்மா அப்பா: தினமும் பேசுபவர்கள் ஒரு நாள் பேசாவிட்டால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் போய்விடும். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். தேதிகளைச் சொல்லி, அந்த நாட்களில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மையத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். உயிர்போகும் அவசரம் என்றால் செய்தி உங்களுக்கு வந்து சேரும். "சாவி எங்கே" என்பது அவசரம் இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

6. பையில் என்ன

தளர்வான, உடலை மூடும் பருத்தித் துணி. வேட்டி, சல்வார் இரண்டுமே உட்கார நல்லவை. ஒரு சால்வை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் மழைக்காலம். சுற்றியுள்ள மலைகளில் பனி விழும். விடியற்காலையில் ஜோகன்னஸ்பர்க் குளிர் போலவே எலும்பைத் தொடும், ஈரமும் சேரும். கோடையில் நேர்மாறாக வெயில் சுட்டெரிக்கும். கைக்கடிகாரம், டார்ச், கழற்றி மாட்ட எளிய செருப்பு, குடை. தினசரி மருந்துகளை இரண்டு வாரத்துக்கு, மருந்துச் சீட்டோடு. படுக்கை விரிப்பு, போர்வை விஷயத்தில் உறுதி மின்னஞ்சலில் இருக்கும் பட்டியலை அப்படியே பின்பற்றுங்கள்.

ஊறுகாய் பாட்டிலை வைத்துவிட்டுப் போங்கள். வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை.

நம்மவர்கள் அதிகம் இடறுவது இங்கே: ருத்ராட்ச மாலை, ஜெபமாலை, மந்திரம், ஊதுபத்தி, விரதம் எதுவும் அந்தப் பத்து நாள் கூடாது. யோகாசனமும் கூடாது. யாரும் உங்கள் சாமியை மாற்றச் சொல்லவில்லை. வேறு பயிற்சிகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஏகாதசி விரதத்தையோ தைப்பூசத்தையோ புரட்டாசிச் சனியையோ விடமுடியாது என்பவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்து விண்ணப்பியுங்கள். உள்ளே போய் வாக்குவாதம் செய்தால் எல்லோருக்கும் சங்கடம்.

7. உள்ளே

4 மணிக்கு எழுப்பல், 4.30 முதல் 6.30 வரை தியானம், 6.30-க்குக் காலைச் சாப்பாடு, 11 மணிக்கு மதியச் சாப்பாடு. இரவுச் சாப்பாடு கிடையாது. புதியவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீயும் பழமும். 7 மணிக்கு உரை, 9.30-க்கு விளக்கணைப்பு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பாட்டு நேரத்தை முன்னே இழுங்கள். காபியையும் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் தலைவலிக்குப் பலர் தியானத்தைக் குறை சொல்கிறார்கள், எனக்கென்னவோ அது காபி இல்லாத வலி என்றே படுகிறது.

முட்டி வலித்தால் நாற்காலி கேளுங்கள். மற்றவர்களோடுதான் பேச்சில்லை, ஆசிரியரிடம் மதியம் 12 மணிக்கு மேல் சந்தேகம் கேட்கலாம், வசதிக் குறை இருந்தால் நிர்வாகியிடம் சொல்லலாம். இது தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் அதிகம். பத்தாம் நாள் காலையில் மௌனம் முடியும். அப்போது எழும் சத்தம் கொஞ்சம் திகைக்க வைக்கும்.

8. திரும்பி வந்த பிறகு

போன் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு அழைப்பு. அலுவலக மின்னஞ்சலை விமான நிலையத்தில் திறக்காதீர்கள். அந்த ஒன்பதாவது விடுப்பு நாள் இதற்குத்தான்: திங்கட்கிழமை வீட்டில் இருந்து, துணி துவைத்து, வந்த செய்திகளைத் தேதி வாரியாகப் பார்த்து, உண்மையிலேயே பதில் வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை நீங்கள் இல்லாமலே முடிந்திருக்கும். அலுவலகத் தானியங்கிப் பதிலில் திரும்பும் தேதியைத் திங்களாக இல்லாமல் செவ்வாயாகவே போட்டுவிட்டுப் போயிருந்தால் இந்த ஒரு நாள் தப்பும்.

பயிற்சியைத் தொடர காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். இந்தியாவோடு காலை 6 மணிக் கூட்டம் இருப்பவருக்கு அது 4.30-க்கு எழுவது. முடியாவிட்டால் அரை மணி நேரமாவது. கூட்ட அழைப்பை 6.30-க்கு மாற்றிக் கேளுங்கள். சென்னையில் அது காலை 10 மணி, அங்கே அநேகமாக யாரும் மறுக்கமாட்டார்கள்.